புதுப்பிப்பு: கர்ப்பகால சர்க்கரை, பிரசவத்துக்குப் பிறகும் ஒரு பரிசோதனை பாக்கி

கர்ப்பகால சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை பற்றி முந்தைய இழையில் எழுதியிருந்தோம். "அறிகுறியே இல்லையே, எதற்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானோருக்கு அறிகுறி இருக்காது, அதனால்தான் பரிசோதனை.

தாயின் ரத்தத்தில் கூடும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். எடை ஏறும், பிரசவத்தில் தோள் சிக்கலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் மிஞ்சும். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது இதனால்தான். சீக்கிரம் பால் கொடுங்கள், குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்ப்பவர்களுக்குப் பொதுவான இலக்கு (மி.கி./டெ.லி. அளவில்): வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு 1 மணி நேரத்தில் 140க்குக் கீழ் அல்லது 2 மணி நேரத்தில் 120க்குக் கீழ். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுவே கணக்கு. பழம் நறுக்கிய கையோடு குத்தினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறையும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையை. கர்ப்பகால சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். அப்போது ஹெச்பிஏ1சி (கடந்த 2-3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மட்டும் போதாது; பிரசவ ரத்த இழப்பால் அது குறைத்துக் காட்டக்கூடும். முடிவு இயல்பாக வந்தாலும், 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆயுள் முழுக்கப் பாருங்கள்.