கலைச்சொல் விவாதம்: அரிவாளணு நோயில் வரும் கால்புண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அரிவாளணு நோய் (sickle cell disease) என்பது இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய். அதில் காலில் வரும் புண்ணுக்கு நீங்கள் முன்மொழிந்த பெயர்களுக்கு என் பதில் கீழே.

> "அரிவாள்புண்" என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சுருக்கம்தான். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் அப்படி எழுதியிருந்தால் நம்மூரில் யார் படித்தாலும் வெட்டுக்காயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அரிவாள் என்பது சிவப்பணு வளைந்துபோன வடிவம், கதிர் அறுக்கும் அரிவாளின் வளைவு. "அணு" கூடவே இருந்தால்தான் பொருள் தப்பாது. எனவே முன்பாதி "அரிவாளணு" என்றே இருக்கட்டும்.

> ஆறாப்புண் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே?

இதற்கு நான் உடன்படவே மாட்டேன். இந்தப் புண் ஆறும். மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும், ஆறிய இடத்திலேயே மறுபடி வெடிக்கவும் செய்யும். ஆனாலும் ஆறும். பத்து வயதுக்குமுன் அரிது. பதின்பருவத்திலும் இருபதுகளிலும்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கையில் "ஆறாப்புண்" என்று அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு, தவறாமல் கட்டு மாற்ற வா என்று எந்த முகத்தோடு சொல்வது? நோயாளியின் நம்பிக்கையைக் கெடுக்கும் சொல் கலைச்சொல்லாக வேண்டாம்.

"சோகைப்புண்" என்ற பரிந்துரையும் ஆபத்தானது. இரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை என்றே நம் மக்கள் பழகியிருக்கிறார்கள். இந்த நோயில் சோகைக்குக் காரணம் வேறு. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு, இவர்களுக்கு 10 முதல் 20 நாளிலேயே சிதைந்துவிடுகிறது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு உடலில் இரும்பு மிஞ்சியே போகும். பெயரைப் பார்த்து அவர் தானாக மாத்திரை வாங்கினால் கேடுதான்.

என் பரிந்துரை: அரிவாளணுக் கணுக்கால்புண்.

"கால்புண்" என்று பொதுவாக விடாமல் கணுக்காலைச் சேர்க்கக் காரணம் உண்டு. இது பெரும்பாலும் கணுக்கால் எலும்புப் புடைப்பைச் சுற்றி, அதிலும் உட்பக்கத்தில் அதிகமாக வருகிறது. அங்கே தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. சிதைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தீர்த்துவிடுகிறது. குழாய் இறுகுகிறது, வளைந்த அணுக்கள் அடைத்துக்கொள்கின்றன. அப்புறம் ஒரு பூச்சிக்கடியோ சிறு சிராய்ப்போ போதும். 1910-இல் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த நோயை முதன்முதலாக மருத்துவ இதழில் விவரித்தபோதே இது உண்டு. கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்கப்போன வால்டர் கிளெமென்ட் நோயல்தான் அந்த நோயாளி. அவர் கால்களில் பழைய புண்களின் தழும்புகள் இருந்ததை ஹெரிக் எழுதிவைத்திருக்கிறார். கப்பலில் வரும் வழியிலேயே கணுக்காலில் புண் வந்து பார்படோசில் மருந்து போட்டுக்கொண்டவர் நோயல்.

இடம் தெரிந்தால் இன்னொரு நன்மை. காலில் நாள்பட்ட புண் என்றாலே சர்க்கரை நோயை நினைத்து, விரலை எடுத்துவிடுவார்களோ என்று குடும்பமே நடுங்குகிறது. சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தில் வருவது. அரிவாளணுப் புண்ணுக்கு வைத்தியமும் வேறு: சுத்தம் செய்து அழுத்தக் கட்டு போடுதல், காலை உயர்த்தி ஓய்வு, நோயையே கட்டுப்படுத்தும் சிகிச்சை.

> இந்தியாவில் இது அரிதுதானே, இதற்குத் தனிச்சொல் எதற்கு?

ஜமைக்காவில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளில் பத்தில் மூவர் அளவுக்கு இந்தப் புண் வந்தது. இந்தியாவில் அவ்வளவு இல்லை. கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின், அணு வளைவதைத் தடுக்கும்; இங்குள்ள பலருக்கு அது வளர்ந்த பின்னும் கூடுதலாக நிற்பது ஒரு காரணம். ஆனால் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோய்க்கான மரபுக்கூறு இருப்பது 1952-லேயே தெரியவந்தது. கூடலூரிலும் வயநாட்டிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். அரிதாக வருகிற ஒருவருக்கும் தாய்மொழியில் சரியான பெயர் வேண்டும்.

---

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். ஆறாப்புண் வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. எங்கள் பாடநூல்களில் உயிரணுவைக் "கலம்" என்றே எழுதுகிறோம். ஆகவே இங்கே "அரிவாட்கலக் கணுக்கால்புண்" என்றுதான் வரும். அதோடு, "அணு" தனியாக நின்றால் எங்கள் மாணவர் இயற்பியல் அணுவையே நினைப்பர்.

---

மறுமொழி:

அம்மா, நியாயமான கருத்து. இரண்டையும் இணைச்சொற்களாகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் தொகைச்சொல்லே வேண்டாம், விரித்து எழுதுவோம்: "அரிவாளணு நோயால் கணுக்காலில் வரும் புண்". அடுத்து அழுத்தக் கட்டுக்குச் சொல் பார்க்க வேண்டும். "இறுக்கக் கட்டு" என்று யாரும் முன்மொழிய வேண்டாம், இரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்குக் கட்டிவிடுவார்கள்.