அரசாங்க வேலையா, தனியார் வேலையா? கட்டம் நிரப்பும்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மோல்மேன் டீச்சர்:
நம் மியான்மரின் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்களைத்தானே வீடு வீடாக அனுப்பினார்கள். மொத்தம் 41 கேள்வி. வயது, படிப்பு, கூரை, கிணறு எல்லாம் மளமளவென்று ஓடிவிடும். வேலையைப் பற்றிய கேள்விதான் நிறுத்தி வைக்கும். கடந்த 12 மாதத்தில் முக்கியமாக என்ன செய்தார்? அரசு ஊழியரா, தனியார் ஊழியரா, முதலாளியா, சொந்தத் தொழிலா என்று வரிசையாகக் கட்டங்கள்.

நம் தமிழ் வீடு ஒன்று. மகனுக்கு ராணுவத்தார் நடத்தும் கம்பெனியின் ஆலையில் வேலை. "அரசாங்கம்னு போடும்மா" என்றார் பெரியவர். மகன் உள்ளேயிருந்து வந்து, "அரசாங்கம்னா பென்ஷன் எங்கப்பா? தனியார்னு போடுங்க டீச்சர்" என்றார். பெரியவர் எழுந்துபோய், ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து மகனின் அடையாள அட்டையை எடுத்து வந்து என் படிவத்தின் மேலேயே வைத்தார். "லீவு கேட்டா யார் கையெழுத்து? மேஜர். வேலையை விட்டு நிறுத்தினா யாரு? மேஜர். அப்புறம் என்ன தனியார்?"

வேலை பார்ப்பவர் மகன், அதனால் அவர் சொன்னதையே எழுதினேன். அட்டையைப் பெரியவர் எடுக்கவே இல்லை. நான்தான் அதை நகர்த்திவிட்டுக் கட்டத்தை நிரப்பினேன். அரசாங்கத்தில் இத்தனை பேர் என்று அட்டவணையில் பார்க்கும்போதெல்லாம் அந்த அட்டைதான் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ரங்கூன் 29ஆம் தெரு:
டீச்சர், பெரியவர் சொன்னதுதான் சரி. அந்த வயதுக்காரர்கள் 1964ஐப் பார்த்தவர்கள். என் அப்பா ஜவுளிக் கடையில் கணக்கெழுதினார். அந்த மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது, இருப்பு எடுக்க வந்தவர்கள் அப்பாவிடமே பேரேட்டை வாங்கி, கடைசி வரியின் கீழ் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே நாளையிலிருந்து எழுது என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தார்களாம். அதே நாற்காலி, அதே முழக்கோல். வாசலில் பலகை மட்டும் மக்கள் கடை என்று மாறியது. முதலாளி அப்புறம் கப்பலேறிவிட்டார்.

ஒருவர்கூடப் புதிதாக வேலைக்கு வராமலே அரசாங்கத்தின் பங்கு ஒரே நாளில் ஏறிய கதை அது. அப்பாவுக்குத் தான் அரசு ஊழியர் என்ற எண்ணம் கடைசிவரை வரவில்லை. அதற்காக அவரைத் தனியார் என்று எழுத முடியுமா? ஆளைக் கேட்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். யார் ஆளுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

தட்டோன் வளர்மதி:
29ஆம் தெரு அண்ணே, ஆளைக் கேட்கக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். நான் நாள்கூலி ஆசிரியையாக இருந்தேன். அரசுப் பள்ளி, அரசுப் பணம், நிரந்தரப் பட்டியலில் மட்டும் பெயர் கிடையாது. கையெழுத்துப் போடத் தனி நோட்டு, அதுவும் சாக்பீஸ் பெட்டியோடு அலமாரியில் கிடக்கும். வீட்டுக்கு வந்து கேட்டால் நான் அரசு ஊழியர். அலுவலகப் பட்டியலை எண்ணினால் நான் இல்லவே இல்லை. என்னைக் கேட்காமல் எப்படி எண்ணுவீர்கள்?

பெகு அண்ணாச்சி:
என் மச்சான் ரயில்வேயில் குமாஸ்தா. அவரை எதில் சேர்ப்பது என்று நாங்களும் ஒருமுறை வீட்டில் வாதாடியிருக்கிறோம். அது கிடக்கட்டும். இங்கே எல்லோரும் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள், அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

உலக வழக்கத்தில் அரசாங்கம் வேறு, பொதுத்துறை வேறு. அமைச்சகம், அரசுப் பள்ளி, நகராட்சி, படை எல்லாம் அரசாங்கம். சரக்கையோ சேவையையோ விலைக்கு விற்று நடக்கும் அரசு நிறுவனம் அதில் வராது. ஆனால் பொதுத்துறையில் வரும். ஓஇசிடி என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பின் நாடுகளில் வேலை பார்ப்போரில் சராசரியாகச் சுமார் 18 சதவீதம் அரசாங்கம் என்கிறார்களே, அது குறுகிய கணக்கு. நார்வே 30ஐ ஒட்டி, ஜப்பான் 5ஐ ஒட்டி. அந்த எண்ணோடு நம் ஊர் எண்ணை ஒப்பிடுகிறவர்கள் ரயிலையும் ஆலையையும் சேர்த்த கணக்கா, விட்ட கணக்கா என்று கேட்பதே இல்லை.

ராணுவக் கம்பெனிகள் இன்னும் சிக்கல். ஒன்று 1990இல் வந்தது, இன்னொன்று 1997இல். பட்ஜெட்டில் அவை தெரியாது, பிடி முழுக்கப் படையின் கையில். என்னைக் கேட்டால் பொதுத்துறை என்பேன், அரசாங்கம் என்று எழுத மாட்டேன். ஆக அப்பாவும் மகனும் ஆளுக்குப் பாதி சரி.

அப்புறம், எதற்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வேலை செய்பவர் 100 பேர், அதில் சம்பளக்காரர் 40, அரசில் 10 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரோடும் வகுத்தால் 10 சதவீதம், சம்பளக்காரரோடு மட்டும் வகுத்தால் 25. வயலும் தள்ளுவண்டியும் நிறைந்த நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். காலமும் அப்படித்தான். 2014 படிவம் 12 மாதத்தைக் கேட்டது, தொழிலாளர் ஆய்வுகள் போன 7 நாளைக் கேட்கின்றன. டீச்சர், அடுத்த முறை போனால் கம்பெனியின் உரிமையாளர் பெயரையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மோல்மேன் டீச்சர்:
அண்ணாச்சி, ஓரத்தில் குறித்தால் அதை யார் எண்ணுவார்கள்? என்ன வேலை, என்ன தொழில் என்று எழுதலாம். அரசா தனியாரா என்பதற்குக் கட்டம்தான். ஆளுக்குப் பாதி சரி என்று நீங்கள் சொல்லலாம், பாதிக் கட்டத்தை நிரப்ப என்னால் முடியாது. வளர்மதி சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் பள்ளியிலும் நாள்கூலிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்செயின்:
என் தங்கையும் அரசுப் பள்ளி ஆசிரியைதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். அந்த மே மாதத்துக்குள் 1,25,000க்கு மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களை இடைநீக்கம் செய்துவிட்டார்கள் என்று ஆசிரியர் சங்கத்தார் ராய்ட்டர்ஸிடம் சொன்ன கணக்கில் அவளும் ஒருத்தி. இடைநீக்கம்தான். நீக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

பிறகு ஒருநாள் குடும்பப் பட்டியலைத் திருத்த வார்டு ஆபீசுக்குப் போனோம். தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "ஆசிரியை" என்றாள். எந்தப் பள்ளி என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, சார்ந்திருப்பவர் என்று எழுதினார். அவள் வீட்டில் டியூஷன் எடுத்து வரும் காசில்தான் அம்மாவுக்கு மருந்து வாங்குகிறோம்.

அந்த ஒரு சொல்லோடு அவள் அரசாங்கத்திலும் இல்லை, வேலை செய்பவர் மொத்தத்திலும் இல்லை. அண்ணாச்சி, உங்கள் 10லும் அவள் வர மாட்டாள், 40லும் வர மாட்டாள். அந்த 100லாவது அவளைச் சேர்ப்பீர்களா?