அம்மாவின் வீரவநல்லூர்க் கதைகளை எப்படிச் சேர்த்து வைப்பது?

கேள்வி:
எங்கள் அம்மாவுக்கு 79 வயதாகிறது. பிறந்து வளர்ந்தது வீரவநல்லூர். இப்போது பாளையங்கோட்டையில் என்னுடன் இருக்கிறார்கள். கன்னடியன் கால்வாயில் குளித்தது, பிசானப் பருவ அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளந்தபோது ஆச்சி தன் கையில் மரக்காலைக் கொடுத்தது என்று, இரவில் வீட்டின் முன்பகுதியான தார்சாவில் உட்கார்ந்து தானாகவே சொல்லும் கதைகள் ஏராளம். ஆனால் போனை முன்னால் வைத்து, சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால், "சொல்லதுக்கு என்னல இருக்கு?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். வெளியூரில் வளரும் தம்பி, தங்கை பிள்ளைகள் இவற்றைக் கேட்டதே இல்லை. நல்ல தமிழில் திருத்தி எழுதி அச்சிட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. செய்து பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி 1:
அண்ணாச்சி, என் அப்பாவிடம் நானும் முதலில் அப்படித்தான் கேட்டுத் தோற்றேன். பிறகு ஒருநாள் பரணில் கிடந்த பழைய ஓலைப்பெட்டியைத் துடைத்து அவர்கள் மடியில் வைத்தேன். அரை மணி நேரம் பேச்சு நிற்கவில்லை. சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழியும்போதோ கீரை ஆயும்போதோ அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். போனைப் பதிவில் போட்டிருப்பதை முன்பே சொல்லிவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். கடையில் அப்போது அணா கொடுத்தீர்களா, நயா பைசா கொடுத்தீர்களா என்று கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அம்மாவுக்கு அப்போது பத்து, பதினோரு வயது இருந்திருக்கும். கார் நெல் பருவமா, பிசானப் பருவமா என்று கேட்டால் மாதமும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
தம்பியின் யோசனையை ஏற்க வேண்டாம். எங்கள் பெரியம்மா பேச்சிலிருந்த "அங்கன", "வெரசா", "பைய" எல்லாவற்றையும் நாங்கள் திருத்தி எழுதினோம். படித்த பேரன், இது ஆச்சி பேசுகிற மாதிரியே இல்லையே என்றான். குரலையே முதலாகக் கொண்டு, எழுத்தை அதற்குத் துணையாக வையுங்கள். ஒரு கதைக்கு ஒரு கோப்பு, பெயரில் தேதியும் பொருளும் இருக்கட்டும். போன் தொலைந்தாலும் கதை தொலையாதபடி இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

மறுமொழி 3:
அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் அம்மா சொன்ன ஒரு வயல் பங்கீட்டுக் கதையை நான் யோசிக்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சித்தப்பா வீட்டார் மனம் நொந்தார்கள்; அம்மா அதன்பிறகு என்னிடம் வாய் திறக்கவே பல மாதங்கள் ஆயின. சில கதைகள் உங்களுக்காக மட்டும் சொல்லப்படுபவை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கீரை ஆயும்போது மரக்கால் கதையைக் கேட்டேன். ஆச்சி கொடுக்கவில்லையாம், அம்மாதான் பிடுங்கிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினார்களாம். இத்தனை வருடம் நான் தவறாகவே கேட்டிருக்கிறேன். 22 நிமிடம் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அனுப்பலாமா என்றதற்கு, ஓடியதை மட்டும் அனுப்பச் சொன்னார்கள்.