1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள்: தட்டு, குலுக்கல், சோளப்பொரி

ரீல்பெட்டி
கவலையை மறக்க ஜனங்கள் படத்துக்குப் போனார்கள், ஹாலிவுட் பிழைத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1930 வரை பேசும்படம் புதுசு, கூட்டம் இருந்தது. அடுத்த வருஷமே சரிவு. 1933 ஜனவரியில் பாரமவுண்ட், ஆர்.கே.ஓ. என்ற இரண்டு பெரிய ஸ்டுடியோக்களும் அடுத்தடுத்து ரிசீவர் கைக்கு, அதாவது கடனில் மூழ்கிய நிறுவனத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமிப்பவர் கைக்கு, போயின. அமுக்கியது கடன்தான். 1920-களில் கடன் வாங்கி வளைத்துப்போட்ட தியேட்டர்கள், அதன் தலையில் ஒலிக்கருவிச் செலவு. வசூல் பாதியானால் வட்டி பாதியாகுமா? எம்.ஜி.எம்.மின் தாய் நிறுவனமான லோஸிடம் தியேட்டர் குறைவு. மற்றவர்கள் நஷ்டம் எழுதிய வருஷங்களிலும் அது லாபத்தில் நின்றது.

தியேட்டர்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்லாப்பெட்டி
முதலில் இரட்டைப் படம். ஒரே டிக்கெட்டில் இரண்டு. பெரிய படத்துக்கு வசூலில் சதவீதம், கூட வரும் ‘பி’ படத்துக்கு, அதாவது மலிவாக எடுத்த துணைப்படத்துக்கு, வசூல் எவ்வளவானாலும் மாறாத வாடகை. வாடகை முன்கூட்டியே தெரியும் என்பதால் எவ்வளவில் எடுத்தால் கட்டும் என்று ஸ்டுடியோவும் கணக்குப் போட்டுவிடும்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படம், பழைய செட், ஓரிரு வாரப் படப்பிடிப்பு. சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு படம், நியூஸ்ரீல் என்ற செய்திப்படம், கார்ட்டூன் எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரம் தாண்டும். நாளைக்கு ஒரு காட்சி குறையும். கூட்டம் நெரியும் சனிக்கிழமை இது கையைக் கடிக்கும், காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமை கடிக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் ‘பேங்க் நைட்’. சார்ல்ஸ் யேகர் என்பவர் கொலராடோவில் கிளப்பியது. வாசலில் ஒரு பதிவேடு. யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், டிக்கெட் தேவையில்லை. பெயருக்கு ஒரு எண். இரவு மேடையில் எண் எடுத்து, உள்ளேயும் வாசலிலும் கூவுவார்கள். சில நிமிஷத்துக்குள் மேடைக்கு வந்து சேர்ந்தால் பணம். வராவிட்டால் தொகை அடுத்த வாரத்துக்கு ஏறும். காசு வாங்காததால் லாட்டரி இல்லை என்பது வாதம். சில நீதிமன்றங்கள் ஏற்றன, சில ஏற்கவில்லை. வாசலில் குளிரில் நிற்பதற்குப் பதில் டிக்கெட் வாங்கி உள்ளே உட்காருவோமே என்று ஜனங்களுக்குத் தோன்றும், தந்திரமே அங்கேதான். தொகை ஏற ஏறக் கூட்டமும் ஏறும். யாராவது ஜெயித்துவிட்டால் அடுத்த வாரம் பாதி நாற்காலி காலி.

மேல்மாடி
தட்டு இரவை விட்டுவிட்டீர்களே. டிக்கெட் வாங்கும் பெண்களுக்கு வாரம் ஒரு பீங்கான். இந்த வாரம் கோப்பை, அடுத்த வாரம் சாஸர். முழு செட் சேர மாதக்கணக்கு, நடுவில் ஒரு வாரம் தவறினால் செட் ஓட்டை. அதனால் என்ன படம் என்றே கேட்காமல் வந்தார்கள். மொத்தமாக வாங்கினால்தான் விலை கட்டும். சரக்கு லாரி தாமதமானால் கொடுத்த வாக்கு போச்சு. மடியில் தட்டை வைத்துக்கொண்டு இருட்டில் எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா! உருக்கமான காட்சியில் எங்கோ ஒரு ‘சிலீர்’.

கல்லாப்பெட்டி
சிலீர் சத்தத்தை இப்போதுதான் படிக்கிறேன், நன்றி.

சோளக்கொல்லை
சோளப்பொரிதான் கடைசிவரை நின்றது. கம்பளம் பாழாகும் என்று பெரிய தியேட்டர்கள் உள்ளே விடவில்லை. தெருவில் வண்டிக்காரர் 5, 10 சென்டுக்கு விற்றதைப் பார்த்து முதலில் வாசலை வாடகைக்கு விட்டார்கள், பிறகு தாங்களே இயந்திரம் வைத்தார்கள். டிக்கெட் வசூலில் விநியோகஸ்தர் பங்கு கேட்பார். பொரிக் காசில் கேட்கமாட்டார்.

பொரிக்கும் கணக்கு: மூன்று பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு எண்ணெய். அமெரிக்கத் தியேட்டர்களில் அந்தக் காலத்தில் பேர்போனது தேங்காய் எண்ணெய், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் சரக்கு. மார்கழியில் நம் வீட்டு எண்ணெய் உறைகிற மாதிரி அதுவும் உறையும். உருக்கித்தான் ஊற்ற வேண்டும். உப்பு மாவுபோல இருக்க வேண்டும், கல்லுப்பு பொரியில் ஒட்டாது. சோள மணிக்குள் 13, 14 சதவீத ஈரம் இருந்தால்தான் வெடிக்கும். மூட்டையைத் திறந்துபோட்டால் காய்ந்து பாதி மணி அடியில் தங்கும். காற்றுப் புகாத தகர டின்தான் சரி.