கட்டிலுக்கடியில் பிரிக்காத பார்சல்கள்: அனுபவப்பட்டவங்க எழுதுங்க

மாம்பலத்துக்காரி:
போன ஆடியில நடந்தது. இன்னும் தொண்டையில நிக்குது. மாமியார் ஊர்ல இருந்து வந்தவங்க, பாய் எடுக்கக் கட்டிலுக்கடியில கையை விட்டாங்க. ஒண்ணொண்ணா வெளியே இழுத்தாங்க. 17 பார்சல், ஒண்ணுகூடப் பிரிக்கலை. ராத்திரி பிள்ளை தூங்கினப்புறம் போனைப் பார்த்துப் பார்த்து ஆர்டர் போடுறதுல இருக்கிற சுகம், பெட்டி கைக்கு வந்ததும் போயிடும். தொடவே தோணாது.

அவங்க திட்டியிருந்தா தேவலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பெட்டி மேலயும் தேதியைப் படிச்சு வரிசையா அடுக்கினாங்க. ஒண்ணை மட்டும் கையில வச்சுக்கிட்டு, "இது உன் மாமா காரியத்தன்னிக்குப் போட்டதாம்மா?"ன்னு கேட்டாங்க. ஆமா. பதினாறாம் நாள், கூடத்துல எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தப்போ மாடிப்படியில உட்கார்ந்து போட்டேன்.

சேலத்துக்காரன்:
எனக்கு ஷூ. கிரெடிட் கார்டு பில் 84,000 வந்துச்சு. குறைந்தபட்சத் தொகை 4,200 கட்டினா வட்டி கிடையாதுன்னு நம்பினேன். மாசம் மூணரை சதவீதம். வட்டியும் அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டியுமா 3,400க்கு மேல போச்சு; அசல்ல எழுநூத்துச் சொச்சம்தான் குறைஞ்சது. பாக்கி நிக்கிறப்போ புதுசா எதை வாங்கினாலும் அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும், அதுவும் அப்பத் தெரியாது. கடைசியில அக்கா தோட்டை அடகு வச்சுக் கட்டினா. அவ டீச்சர். காது தூர்ந்துடக் கூடாதுன்னு துடைப்பக்குச்சியைச் சொருகிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா. அன்னிக்கு என் காலில இருந்தது புது ஷூ.

எல்லாம் இந்த போனால வந்தது.

பரணைவீடு:
சேலத்துத் தம்பி, போன் மேல மட்டும் பழியைப் போடாதீங்க. எங்கம்மாவுக்கு போனே கிடையாது. வாரத் தவணைப் புடவைக்காரர் குரல் தெருமுனையில கேட்டாலே எழுந்துடுவாங்க. அவங்க போனப்புறம் பரணையில மடிப்புக் கலையாத புடவை 60க்கு மேல இருந்துச்சு.

1915லயே எமில் கிரெப்பலின்னு ஜெர்மன் மனநல மருத்துவர் இந்த வாங்கும் வெறியைப் பற்றி எழுதியிருக்கார். இப்போ உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11லயும், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோட சேர்த்து இதைச் சொல்லியிருக்காங்க. அதனால ஊதாரின்னு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. 14416க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். செயலியில சேமிச்சு வச்ச கார்டை அழிங்க. ஒவ்வொரு தடவையும் 16 எண்ணைத் தட்டணும்னா கை கொஞ்சம் நிக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல போனை வேற அறையில வைங்க. பிடிச்சதை ஒரு நோட்டுல எழுதி மூணு நாள் விடுங்க. மாம்பலத்தம்மா, நீங்க அந்தப் பதினேழையும் உடனே திருப்பி அனுப்புங்க. கணவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

மாம்பலத்துக்காரி:
கோவிச்சுக்காதீங்கம்மா, நான் யோசனை கேட்கலை. திருப்புற நாளெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு.

சொல்ல வந்தது வேற. மாமியார் ஊருக்குக் கிளம்பறப்போ அந்த ஒரு பெட்டியை மட்டும் பையில வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏன்னு நான் கேட்கலை, அவங்களும் சொல்லலை. உள்ளே என்னன்னு எனக்கும் ஞாபகமில்லை. போன்ல பழைய ஆர்டரைப் பார்த்தா தெரிஞ்சுடும். இன்னும் பார்க்கலை.