புதுப்பிப்பு: வேளச்சேரித் தண்ணீரில் இறங்கிய ஆட்டோமேட்டிக் வண்டி

மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் முழங்காலளவு தண்ணீரைத் தாண்டிய பிறகு 'டி'யில் (முன்னே போகும் கியர்) போட்டால் வண்டி இழுக்கவில்லை, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் ஏறுகிறது என்று கேட்டிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. பலரும் சென்சார் கோளாறு என்றீர்கள், ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் மெக்கானிக் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டினார். பளிச்சென்று சிவப்பாக இருக்க வேண்டியது, தண்ணீர் கலந்து அசல் ரோஸ்மில்க்! சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் துளை (கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுமாம். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் லைனிங் ஊறிப் பெயர்ந்துவிடும், அதனால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம் என்றார். ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். ரிவர்ஸ் இன்னும் தாமதமாகத்தான் விழுகிறது. கியர்பாக்ஸின் அடித்தட்டில் கருப்புத் துகள் வேறு கிடந்தது, எப்படியும் கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.