டியூப் நான்கு மாதம் வந்த கதை

போச்சம்பள்ளியிலிருந்து:

சந்தூர்ப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சுற்றி மாங்காய்க் காய்ப்பைக் கணக்கெடுப்பது என் வேலை. காலை ஏழரைக்கு சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தால் வீடு திரும்ப நான்கு மணியாகிவிடும். வெயிலிலிருந்து தோலை எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 50 என்று போட்டிருந்ததை நம்பி அலைந்தேன். மே மாதம் முடிவதற்குள் மூக்கு எரிந்து தோல் உரிந்தது, கன்னத்தில் மங்கு விழுந்தது. எல்லாம் அந்தக் கிரீமால்தான் என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டார்.

கிருஷ்ணகிரியில் தோல் மருத்துவரிடம் போனேன். “டியூப் எத்தனை நாள் வருகிறது?” என்றுதான் முதலில் கேட்டார். 50 கிராம் டியூப் நான்கு மாதம் வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவாம். நான் வைத்தது பச்சைப்பயறு அளவு. அந்த எஸ்.பி.எஃப். 50 என்ற எண்ணே, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 2 மில்லிகிராம் பூசி அளந்தது. சரியாகப் பூசினாலும் வியர்வையில் கரையும், துப்பட்டாவால் துடைத்தால் போய்விடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்றார். அப்படிப் பூசினால் டியூப் மூன்று வாரம்கூட வராது. என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா?

ஒரு வழி கண்டுபிடித்தேன். கைக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. மாம்பால் பட்டுத் தோல் வெந்துபோவதும் அதனால் குறைந்தது. கிரீம் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் பம்புசெட்டில் முகம் கழுவி, ஈரம் காய்ந்ததும் மரநிழலில் நின்று பூசிக்கொள்கிறேன். ஒன்றரைக்குச் சாப்பிட்டுக் கை கழுவியதும் இன்னொரு தடவை. தோப்புக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

பென்னாகரத்திலிருந்து:

அக்கா, என் கதை இதைவிட மோசம். வெளியூர் நண்பர்களோடு ஒகேனக்கல் போனபோது, எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு எண்ணெயின் மேலேயே கிரீமைத் தடவிக்கொண்டேன். பிறகு அருவிக் குளியல், அப்புறம் பரிசல். வானம் மூட்டமாக இருந்ததால் கவலையே படவில்லை. மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும் என்பதை இரவில் தோள்பட்டை சொல்லித் தந்தது. சட்டை பட்டாலே உயிர் போனது. தண்ணீர் தாங்கும் வகைதான். ஆனால் எடுத்துப் பார்த்தால் தண்ணீரில் 80 நிமிடம்தான் தாங்கும் என்று அட்டையிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது.

சூளகிரியிலிருந்து:

நான் கார் ஓட்டுகிறேன். கண்ணாடியை ஏற்றியே ஓட்டியும் வலது கை மட்டும் இடது கையைவிடக் கறுத்திருக்கிறது. புற ஊதாக் கதிரில் தோலை எரிக்கும் யு.வி.பி. வகையைத்தான் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், தோலைக் கறுக்க வைக்கும் யு.வி.ஏ. வகை உள்ளே வந்துவிடும் என்றார்கள். ஒரு சந்தேகம்: எஸ்.பி.எஃப். 30-இன் மேல் 50 பூசினால் 80 ஆகுமா?

போச்சம்பள்ளியிலிருந்து:

ஆகாது அண்ணா, எண்களைக் கூட்டிக்கொள்ள முடியாது. முதல் தடவை விட்டுப்போன இடம் இரண்டாம் தடவை நிரம்பும், அவ்வளவுதான். எனக்கு எப்போதும் விட்டுப்போவது காது மடல்.